கடைக்கோடிக்கு முதல் கரண்ட்

புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கற கண்ணுங்களா, உங்க மேசைக் கண்ணாடிக்குக் கீழ ஒரு பட்டியல் இருக்கும். கரண்ட் பத்தாமப் போனா யாருக்கு மொதல்ல, யாருக்கு அப்பறம்னு. கொல்லிமலைக்கு அந்தப் பட்டியலை மொதமொதல்ல எழுதுனவ நாந்தான். எழுதி ரெண்டு மாசத்துல அதைக் கிழிச்சுப் போட்டவளும் நாந்தான். எழுதுனதுக்குப் பாராட்டுக் கடுதாசி வந்துச்சு. கிழிச்சதுக்கு விளக்கம் கேட்டுக் கடுதாசி வந்துச்சு. ஆனா இத்தனை வருச சர்வீசுல நான் மார் தட்டிச் சொல்லிக்கறது அந்தக் கிழிச்ச கதையைத்தான். கேட்டுக்குங்க, அப்பறம் உங்க பாடு.

நான் கொல்லிமலை கரண்ட் ஆபீசுல எஞ்சினியரா இருந்தப்ப எங்களையெல்லாம் ஒரு பயிற்சிக்கு அனுப்பி வெச்சாங்க. பாடம் எடுத்தவர் ஐரோப்பாவுல இருக்கற ஒரு குட்டி நாட்டைப் பத்தியே ரெண்டு நாள் பேசுனாரு. அந்த நாட்டுக்கு அடுப்பெரிக்கற வாயுவும் வரணும், குளிருக்கு ஊட்டைச் சூடு பண்ற வாயுவும் வரணும். ரெண்டும் பக்கத்து நாட்டுல இருந்து ஒரே குழாயிலதான் வருதாம். பக்கத்து நாட்டுக்காரன் குழாயை மூடுனா இவங்க கதி என்ன? அதனால சேமிப்பு வேணும், ரெண்டாவது வழி வேணும், யாருக்கு முதல்னு பட்டியல் வேணும்னு பலகையில எழுதிப் போட்டாரு. நான் பின்னாடி பெஞ்சுல உக்காந்து, இதென்னடா நம்ம கொல்லிமலை கதையா இருக்குதுன்னு நெனச்சேன். எங்களுக்கும் காரவள்ளியில இருந்து மலைச்சரிவுல ஏறி வர்ற ஒரே லைன்தான். அது அறுந்தா மலை முழுக்க இருட்டு. மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு பழைய லைன் வருதுதான். ஆனா அது நோஞ்சான், மலைக்கு வேணுங்கறதுல மூணுல ஒரு பங்கைத்தான் தாங்கும்.

ஊருக்கு வந்ததும் வேகவேகமாப் பட்டியலைப் போட்டேன். ஆஸ்பத்திரி, குடிதண்ணி மோட்டார், போன் டவர், அரசாங்க ஆபீசுங்க, பேங்க், பஜார். அதுக்கப்பறம் ஊருங்க. ஊருங்கன்னு ஒரே வார்த்தையில எழுதுனேன் பாருங்க, அங்கதான் என் புத்தி சறுக்குச்சு. எங்க ஆபீசுல இருந்து கெளம்பற லைன் பஜாரைத் தாண்டி, ஓடையோரமாவே மலையில குண்டனி நாடுங்கற பகுதிப் பக்கம் ஏழு ஊருக்குப் போவும். ஏழாவது ஊருதான் கடைசி. அதுக்கப்பறம் காடு.

அந்தக் கடைசி ஊர்ல பொன்னுசாமின்னு ஒருத்தர். மெளகும் மரவள்ளியும் வெச்சிருந்த வெவசாயி. வாரம் தவறாம திங்கக்கெழம என் ஆபீசுக்கு மனுவோட வந்துருவாரு. வோல்டேஜ் பத்தலைங்க, பல்பு மின்மினிப்பூச்சி மாதிரி எரியுதுங்கம்பாரு. அவரு சம்சாரம் செல்லம்மா மலைக்குக் கீழ ஒரு நூல் மில்லுல பல வருசம் வேலை பாத்து நெஞ்சு கெட்டுப்போயி வந்தவங்க. ஊட்டுல ஆக்சிஜன் மெசின் வெச்சுத்தான் மூச்சே விடுவாங்க. அதையும் மனுவுல எழுதியிருந்தாரு. நான் படிச்சேனா? படிச்சேன். படிச்சுட்டு ஓரத்துல, லைனின் கடைசியில் உள்ளதால் இப்படித்தான் இருக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைல்ல சேத்தேன். இன்னைக்கும் அந்த வரி ஞாபகம் வந்தா எனக்கு என் மேலயே கோவம் வரும்.

அந்த ஐப்பசியில மழை பிடிச்சுக்கிச்சு. மூணு நாள் விடாத மழை. நாலாம் நாள் வெடியக்காலம் காரவள்ளி ரோட்டுல ஒரு கொண்டை ஊசி வளைவு அப்படியே சரிஞ்சு போச்சு, எங்க கம்பத்தையும் சேத்து இழுத்துக்கிட்டு. லைன் போச்சு, ரோடு போச்சு, டவருக்கு வர்ற கேபிளும் அறுந்ததால போனும் போச்சு. கீழ இருக்கற அதிகாரிகிட்டப் பேச ஆபீசுல ஒரு வயர்லெஸ் பெட்டி மட்டும் இருந்துச்சு. மலை மேல லைன்மேனுங்க மூணே பேரு. மரம் விழாத வழியே இல்ல.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடலைன்னு நெனக்காதீங்க. சொன்னா வெக்கக்கேடு, உள்ளுக்குள்ள ஒரு குஷி. பட்டியல் போட்டு வெச்சிருக்கறோம், இன்னைக்குத்தான அதுக்கு வேலைன்னு. பஜாருக்கு அந்தாண்ட கம்பத்துல இருக்கற கை சுவிட்சைத் தெறந்து ஏழு ஊரையும் பிரிச்சு வெச்சுட்டு, பழைய லைன்ல இருந்து ஆஸ்பத்திரி, ஆபீசுங்க எல்லாம் இருக்கற பஜாருக்குக் கரண்ட் விட்டேன். நின்னுச்சு. அளவு காட்டற முள்ளு செவப்புக் கோட்டை ஒட்டிப் போயி நின்னுச்சு. பட்டியல்ல மொதல்ல இருக்கறவங்களுக்கெல்லாம் குடுத்தாச்சுன்னு வயர்லெஸ்ல சொன்னேன். அதிகாரியும் சபாஷ்னாரு.

பத்து மணிக்குப் பொன்னுசாமி வந்து நின்னாரு. இடுப்பு வரைக்கும் சேறு. பாலம் முங்கிப் போச்சு, வண்டி வராது, காட்டு வழியா நடந்தே வந்திருக்காரு. கையில அன்னைக்கு மனு இல்ல.

"மேடம், ஊட்டுல ஒரே ஒரு சிலிண்டருதாங்க இருக்குது. நர்சம்மா பாத்துட்டு மூணு மணி வரைக்கும்தான் வரும்னு சொல்லிருச்சுங்க. ஆஸ்பத்திரியிலயும் வேற சிலிண்டர் இல்லீங்களாம், அவளத் தூக்கிட்டு வரவும் முடியாதுங்க."

உடனே கை சுவிட்சை மூடச் சொல்லி ஊருங்களையும் சேத்துப் பாத்தேன். மூடுன நொடியே பாரம் தாங்காம எல்லாக் கரண்ட்டும் விழுந்துருச்சு, பஜாரும் சேந்து. மறுபடியும் போட்டேன், மறுபடியும் விழுந்துச்சு. மூணாவது தடவை ஆத்தரத்துல போட்டேன். டமார்னு சத்தம், பழைய லைனோட பியூஸ் வெடிச்சுச் சிதறிப்போச்சு. கிடங்குல தேடுனா மிச்சம் இருந்தது ஒரே ஒரு செட். அதுவும் போனா ரோடு சரியாவற வரைக்கும் மலையில யாருக்குமே கரண்ட் இல்ல.

ஏன் விழுந்துச்சுன்னு கேக்கறீங்களா? நம்ம சனம் கரண்ட் போனா என்ன பண்ணும்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தரும் சுவிட்சை அணைக்க மாட்டாங்க. வந்தாத் தெரியணும்ல! லைட்டு, ஃபேன், டீவி, மிக்சி, தண்ணி மோட்டார்னு எல்லாத்தையும் போட்டபடியே வெச்சுட்டு வாசல்ல உக்காந்திருப்பாங்க. என் ஊட்டுலயும் அப்படித்தான். ஏழு ஊரும் ஒரே நொடியில வாயைத் தெறந்தா அந்த நோஞ்சான் லைன் என்ன பண்ணும்? வாடிக்கையா கரண்ட் நிறைய இருக்கறப்ப இது தெரியாது. இல்லாதப்பதான் கழுத்தை நெரிக்கும்.

ஊர் ஊராப் போயி ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரையும் நாங்களே பிரிச்சு வெச்சா சரியாப் போயிரும். மூணு ஆளை வெச்சுக்கிட்டு, மரம் விழுந்த காட்டுல, மூணு மணிக்குள்ள? நடக்கற காரியமா? நான் பொன்னுசாமி மேல எரிஞ்சு விழுந்தேன். உங்க ஊர்க்காரங்க எல்லாரும் சுவிட்சைப் போட்டு வெச்சுட்டு உக்காந்திருந்தா நான் என்னத்தப் பண்றதுன்னு கத்துனேன். சம்சாரத்தை நெனச்சுச் செத்துப் பொழச்சுட்டு நிக்கற மனுசங்கிட்டப் பேசற பேச்சா அது? ஆனா அவரு கோவிச்சுக்கல. எந்த ஊர்ல இருந்து கரண்ட் வரும்னு கேட்டாரு. பஜார்ல இருந்து ஒன்னொன்னா, மொத ஊரு, ரெண்டாவது ஊருன்னு வரும்னேன்.

"அதாங்க தப்பு. மொத ஊர்க்காரனுக்கு எப்படியும் வந்துரும்னு தெரியும். கடைசியில கெடக்கறவனுக்குத்தான் வராமப் போயிருமோன்னு பயம். பயந்தவன் சுவிட்சை அணைப்பானுங்களா? கடைசிக்கு மொதல்ல குடுங்க. மிச்சவங்களை நாங்க பாத்துக்கறோம்."

எப்படிப் பாத்துக்குவீங்கன்னு கேட்டேன். அப்பத்தான் மண்வெட்டி கதையைச் சொன்னாரு. எங்க லைன் போற அதே ஓடையிலதான் அந்த ஏழு ஊர் நெல்லு வயலுக்கும் தண்ணி. தண்ணி கொறைஞ்ச காலத்துல முறை வெச்சுப் பாய்ச்சுவாங்க. அதுக்குன்னு ஏழு ஊருக்கும் பொதுவா ஒரு மண்வெட்டி. அது மொத ஊரான தலையூர்ல இருந்து கீழ போவும். அது தாண்டிப் போனதும் அந்த ஊர்க்காரங்க மடையை அடைச்சுப்புடணும். கடைசி ஊருக்குப் போயிச் சேந்ததும் அங்க மொதல்ல பாயும். அவங்க முறை முடிஞ்சதும் அவங்களே மண்வெட்டியைத் தூக்கிட்டு நடந்து வந்து மேல இருக்கற அடுத்த ஊர்க்காரங்க கையில குடுக்கணும். கையில வாங்குனாத்தான் மடை தெறக்கலாம். அப்படியே ஊர் ஊரா மேல ஏறி வரும். மண்வெட்டியை மீறி மடை தெறந்தவன் அந்த ஓடையில கெடையாதுன்னாரு.

மடைக்குச் சரி, ஊட்டு மெயின் சுவிட்சுக்கு மண்வெட்டியை மதிப்பாங்களா? எனக்கு நம்பிக்கை இல்ல. படிச்ச படிப்பு வேற உள்ள உக்காந்துக்கிட்டு இதெல்லாம் ஒரு வழியான்னு கேக்குது. இருந்தாலும் வேற வழி என்கிட்ட என்ன இருக்குது? அதுவும் இல்லாம, அவரு சொன்னது எனக்குக் கல்யாணப் பந்தியை ஞாபகப்படுத்துச்சு. மொதப் பந்தியில உக்காந்தவன் நிதானமாச் சாப்பிடுவான். பாயசம் தீந்துபோச்சாம்னு ஒரு பேச்சு கெளம்புனாப் போதும், பின்னாடி நிக்கறவன் எலைக்கு முன்னாடியே கையை நீட்டுவான். பற்றாக்குறையை விட பயம்தான் அதிகமா இழுக்கும்.

வயர்லெஸ்ல அதிகாரியைக் கூப்புட்டுச் சொன்னேன். பஜாருக்கும் இப்பக் கரண்ட் விடப் போறதில்ல, கடைசி ஊர்ல இருந்து ஆரம்பிக்கப் போறேன்னேன். பட்டியல்படி செய்யுங்கம்மா, மாத்தி ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்னாரு. ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் ஓடுது, இன்னைக்குப் பொழுதுக்கு டீசல் இருக்குது, மத்த எல்லாரும் காத்திருக்கலாம், அந்தம்மா காத்திருக்க முடியாதுங்க சார்னேன். பதில் நான் சொல்லிக்கறேன்னும் சொன்னேன்.

பொன்னுசாமிகிட்ட என் கடிகாரத்தையே கழட்டிக் குடுத்தேன். ஒரு மணிக்குக் கரண்ட் விடறேன், அதுக்குள்ள கடைசி ஊர் போயிச் சேந்துருக்கணும், உங்க ஊர் தவிர ஒரு ஊர்லயும் மெயின் போட்டிருக்கக் கூடாது, முறை வந்த பின்னாடியும் ஊட்டுக்கு ரெண்டு லைட்டு, மோட்டார் கூடவே கூடாதுன்னேன். தலையூர்க் கோயில்ல இருந்து மண்வெட்டியை எடுத்துக்கிட்டு அவரு ஓடுன ஓட்டத்தை இன்னும் மறக்கல. அம்பது வயசுக்கு மேல இருக்கும் அவருக்கு.

அதுக்கப்பறம் இருந்த ரெண்டு மணி நேரம் இருக்குதே, அதை என் எதிரிக்குக்கூட விதிக்கக் கூடாது. பஜார்க்காரங்க திரண்டு வந்துட்டாங்க. ஆபீசுக்கு எதுத்தாப்புல டீக்கடை வெச்சிருந்தவருக்குத்தான் எல்லாரையும் விடக் கோவம். கம்பத்துக்கு அடியில கடை வெச்சிருக்கற எனக்கு இல்லாம, காட்டுக்குள்ள இருக்கறவனுக்கு மொதல்லயான்னு கேட்டாரு. லைன்மேன் பஜார் டிரான்ஸ்பார்மருங்களை மட்டும் பிரிச்சு வெச்சுட்டு வந்து கடைசி பியூஸ் செட்டை மாட்டுனாரு. மாட்டிட்டு என்னைப் பாத்தாரு, நான் செவத்துல தொங்கற கடிகாரத்தைப் பாத்தேன்.

ஒரு மணி. குலசாமியை நெனச்சுக்கிட்டு சுவிட்சைப் போட்டேன். முள்ளு அசைஞ்சுச்சு. கொஞ்சூண்டு, ஒரு நெல்லு அளவு. நின்னுச்சு. விழல. ஏழு ஊர் ஊடும் அந்தக் கம்பியில தொங்கிட்டிருக்குது, ஒரே ஒரு ஊர்தான் குடிக்குதுன்னு அந்த முள்ளு சொல்லுச்சு. லைன்மேன் மூச்சை விட்டாரு. நானும் அப்பத்தான் விட்டேன்.

அதுல செல்லம்மாவோட மெசின் ஓடுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? மண்வெட்டி போயிச் சேராம, ஊர்ல வேற யாராச்சும் போட்டதாக்கூட இருக்கலாம். கால் மணி ஆச்சு, அரை மணி ஆச்சு. முள்ளு அப்படியே இருக்குது. அப்பறம் ஒரு பொட்டு ஏறுச்சு. ஏறி நின்னுச்சு. ஆறாவது ஊரு! மண்வெட்டி மேல ஏறி வருது! நான் மேசையைத் தட்டிட்டு எந்திரிச்சேன். பத்து கிலோமீட்டருக்கு அந்தாண்ட காட்டுக்குள்ள யாரோ ஒருத்தர் தோள்ல மண்வெட்டியைப் போட்டுக்கிட்டு நடந்து வர்றது என் மேசையில இருக்கற முள்ளுல தெரியுது. இத்தனை வருசத்துல எந்த மீட்டரையும் நான் அவ்வளவு ஆசையாப் பாத்ததில்ல.

அஞ்சாவது ஊர் ஏறுச்சு. நாலாவது ஊருக்கு முள்ளு திடீர்னு எகிறிப்போயி செவப்புக் கோட்டைத் தொட்டுருச்சு. எனக்கு உசுரே போயிருச்சு. லைன்மேன் சுவிட்சு மேல கையை வெச்சுட்டாரு. அணைச்சா பியூஸ் தப்பிக்கும், ஆனா கடைசி ஊரும் சேந்து அணையும். வேண்டாம், பத்து எண்ணுங்கன்னேன். எட்டு எண்ணறதுக்குள்ள முள்ளு கீழ எறங்கிருச்சு. என்ன நடந்துச்சுன்னு பின்னாடி தெரிஞ்சுது. அந்த ஊர்ல சாமை அரைக்கற மெசின்காரர் மண்வெட்டி வந்த குஷியில மோட்டாரைப் போட்டிருக்காரு. பக்கத்து ஊட்டுப் பொம்பளைங்க வரிஞ்சு கட்டிட்டுப் போயி, ஏனுங்க, கடைசி ஊர்க்காரி மூச்சை வெச்சுத்தான் நீங்க சாமை அரைப்பீங்களான்னு கேட்டு அவங்களே சுவிட்சை அணைச்சிருக்காங்க. அந்தப் பொம்பளைங்களுக்கு நான் எந்தப் பட்டியல்லயும் எடம் போட்டிருக்கலயே!

நாலரை மணிக்குத் தலையூர்க்காரர் ஒருத்தர் பஜாருக்குள்ள நடந்து வந்தாரு. தோள்ல மண்வெட்டி. நேரா எங்க ஆபீசு வாசலுக்கு வந்து அதை என் கையில குடுத்தாரு. முறைப்படி குடுத்தாரு, ரெண்டு கையிலயும். அதோட ஊர் ஊரா வாய் மாத்தி வந்த சேதியையும் குடுத்தாரு.

"செல்லம்மாவுக்கு மெசின் ஓடுதுங்களாம். நல்லா இருக்குதுங்களாம். சொல்லச் சொன்னாங்க."

நான் எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன். வெக்கமே படல. கோவமா நின்ன டீக்கடைக்காரர் உள்ள போயி, விறகடுப்புல போட்ட டீயை எனக்கும் அந்தத் தலையூர்க்காரருக்கும் கொண்டாந்து குடுத்தாரு. அப்பறந்தான் பஜாருக்கு விட்டேன், அங்கயும் கடைக்கு ரெண்டு லைட்டுதான்னு சொல்லி. முள்ளு செவப்புக் கோட்டுக்குக் கீழதான் நின்னுச்சு. காலையில பஜார் ஒன்னே குடிச்ச கரண்ட்டுல சாயங்காலம் பஜாரும் ஏழு ஊரும் பொழச்சுக்கிச்சு. ரோடு சரியாவற வரைக்கும் ஒரு நாள்கூட விழல.

பொன்னுசாமி பின்னாடி சொன்னதை நீங்க கேக்கணும். ஓடிப்போயி ஊட்டுக்குள்ள காலை வெச்சிருக்காரு, நர்சம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாடியே சிலிண்டர் தீர்ற கட்டம். ஒரு மணிக்கு மெசின் உறுமியிருக்குது. மொகத்துல அந்தக் கொழாயை மாட்டி விட்டுட்டு பக்கத்துலயே உக்காந்துட்டாராம். அந்தம்மாவால பேச முடியல. மண்வெட்டியைக் காட்டி, வாசலைக் காட்டியிருக்காங்க. போ, கொண்டு போயிக் குடுன்னு. அந்த நெலமையிலயும் அடுத்தவன் முறையை நெனச்சாங்க பாருங்க. எனக்கு அந்த ஒரு கை சாடைக்கு முன்னாடி நான் போட்ட பட்டியல் வெறும் காயிதம்.

மறுநாளே அதைக் கிழிச்சேன். கடைசியில இருந்து ஆரம்பிக்கணும்னு, ஊர் பேரு ஒன்னொன்னையும் எழுதி, யார் ஊட்டுல மெசின் இருக்குதுன்னும் எழுதிப் புதுசா அனுப்புனேன். எந்த விதிப்படின்னு விளக்கம் கேட்டாங்க. விழாம நின்ன முள்ளோட பதிவேட்டை நகல் எடுத்து அனுப்பி வெச்சேன். அதுக்கப்பறம் கேள்வி வரல. அடுத்த திங்கக்கெழம பொன்னுசாமி வந்தாரு. கடிகாரத்தைத் திருப்பிக் குடுத்தாரு. கையோட ஒரு மனுவும் குடுத்தாரு. வோல்டேஜ் பத்தலைங்களாம். சிரிச்சுட்டேன். சிரிச்சுட்டு அந்த ஊருக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் கேட்டு எழுதுனேன், அது மலையேறி நிக்கற வரைக்கும் விடல.

சேமிப்பு வேணும், ரெண்டாவது வழி வேணும், பட்டியல் வேணும். வேண்டாம்னு நான் சொல்லல. அந்தப் பயிற்சியில சொன்னது அத்தனையும் சரிதான். ஆனா பட்டியலைப் போடறப்ப, யாரு முக்கியம்னு மட்டும் கேக்காதீங்க. யாரு பயந்து கெடக்கறாங்கன்னும் கேளுங்க. அவங்க பயத்தை மொதல்ல தீத்துட்டா மிச்சவங்க தானா வழி விடுவாங்க.

போன மாசம் ஒரு சொந்த வேலையா மலைக்குப் போயிருந்தேன். ரிட்டயர்டு ஆனதுக்கப்பறம் மொத தடவை. செல்லம்மாவைப் பாத்து ரெண்டு வார்த்தை பேசிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்குதேன்னு பழைய ஆபீசுக்கு எதுத்தாப்புல இருக்கற அதே டீக்கடையில உக்காந்தேன். இப்ப அந்தப் பெரியவரோட மருமகந்தான் கடையைப் பாக்கறாரு. நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. மத்தியானம், மழை தூறிட்டிருந்துச்சு. படக்குன்னு கரண்ட் போச்சு. அவரு ஒன்னும் அலட்டிக்கல. எந்திரிச்சுப் போயி மெயினை அணைச்சுட்டு வந்தாரு. எனக்குக் கை பரபரன்னு வருது, பழைய பழக்கம். எதுத்தாப்புலதான ஆபீசு, போயிக் கேக்கலாமில்லன்னேன். வெளியூர்க்காரம்மாவுக்குப் பாவம் வெவரம் தெரியலைன்னு நெனச்சுக்கிட்டாரு போல, பொறுமையாச் சொன்னாரு.

"கடைசி ஊருக்குப் போயிட்டு அப்பறந்தாங்க நமக்கு வரும். இது எங்க மலை முறைங்க. பாட்டன் பூட்டன் காலத்துல இருந்தே அப்படித்தான்."

அப்படிங்களான்னு கேட்டுக்கிட்டு டீயைக் குடிச்சேன்.